விரலில் மாட்டும் ஒரு கிளிப்பிலிருந்து: மருத்துவத் தொழில்நுட்பம் நமக்கு என்ன செய்கிறது?

மருத்துவத் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது குகை மாதிரி இருக்கும் ஸ்கேன் மெஷினும், அறுவை செய்யும் ரோபோ கையும்தான். நான் அங்கே போகாமல் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கருவியிலிருந்து தொடங்குகிறேன்: பல்ஸ் ஆக்சிமீட்டர். துணி காயப்போடும் கிளிப் மாதிரி விரல் நுனியைக் கவ்விக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று, சில நொடிகளில் 98 என்றோ 97 என்றோ ஓர் எண்ணைக் காட்டும். இது எப்படி வேலை செய்கிறது, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரிந்துகொண்டால், பெரிய கருவிகளைப் பற்றியும் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இருட்டு அறையில் டார்ச் விளக்கை விரலால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். உடம்புக்குள் ஒளி ஓரளவு ஊடுருவும் என்பதற்கு அதுவே சாட்சி. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறியிருக்கும்போது அது பளிச்சென்ற சிவப்பு, இறக்கிவிட்ட பிறகு கருஞ்சிவப்பு. கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். ஒன்று சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத, சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏறியது அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். எதிர்ப்பக்கத்தில் உள்ள உணரி, எந்த ஒளி எவ்வளவு மிச்சம் வந்து சேர்ந்தது என்று அளந்து கணக்குப் போடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம், சிரைகளில் திரும்பிப் போகும் பழைய ரத்தம், எல்லாமே ஒளியை விழுங்கும். இதயத்திலிருந்து புதிதாக வரும் தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்து அளப்பது? விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் வேறொரு வேலையில் இருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் முயற்சி அது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அளவீட்டில் ஓர் ஆட்டம் வந்து அவருடைய கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை ஒழிக்கப் போராடும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது: தோலும் எலும்பும் துடிப்பதில்லை, துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். அப்படியானால் தொல்லை கொடுத்த அந்த ஆட்டத்தை மட்டும் எடுத்து அளந்தால் போதுமே! 1974-ல் இந்த முறையை அவர் வெளியிட்டார். எனக்கு மருத்துவத் தொழில்நுட்ப வரலாற்றிலேயே மிகவும் பிடித்த கதை இது.

சரி, இதனால் என்ன மாறியது? அதற்கு முன்பு ஒருவருக்கு ஆக்சிஜன் குறைகிறதா என்று தெரிய நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருந்தன. தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். நீலம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆக்சிஜன் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். ரத்தசோகை உள்ளவருக்கு நீலமே தெரியாமலும் போகலாம்.

அறுவை அரங்கில் இந்தக் கருவி எழுப்பும் ஒலியை ஒருமுறை கவனித்துக் கேட்டால் மறக்க முடியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்'. ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கலாம், குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கலாம், திரையைப் பார்க்காமல்கூட இருக்கலாம். சுருதி தாழ்ந்தால் காது சொல்லிவிடும். 1980-களில் இது மயக்க மருந்துத் துறையில் வழக்கமான கருவியானது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றில் ஒன்றாகவே இது இடம்பெற்றது.

கவனியுங்கள், இந்தக் கிளிப் எந்த நோயையும் குணப்படுத்தவில்லை. ஆபத்து தெரியவரும் நேரத்தை முன்னால் இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒருவரைக் காப்பாற்றிவிட முடியும். புதிதாக எந்த மருத்துவக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இது யாருடைய, எந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது?

மூளை ஸ்கேனை இதே கேள்வியோடு அணுகலாம். எக்ஸ்-ரே 1895-லேயே வந்துவிட்டது என்றாலும் அதில் எலும்பு தெரியும், மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற மூளை தெரியாது. மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, முதுகுத்தண்டில் ஊசி போட்டு அங்கிருக்கும் திரவத்தை எடுத்து, அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி, நோயாளியைப் பல கோணங்களில் சாய்த்துப் படம் எடுத்தார்கள். முடிந்த பிறகு கடும் தலைவலியும் வாந்தியும் பாடாய்ப்படுத்தும். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி, கிடைத்த அளவுகளை வைத்துக் கணினி ஒரு குறுக்குவெட்டுப் படத்தை உருவாக்கும். இதற்காக அவருக்கும், இதன் கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால், அது மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, இல்லை ரத்தம் கசிகிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடைப்பு என்றால் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கசிவு என்றால் அதே மருந்து உயிரை எடுத்துவிடும். இரண்டில் எது என்று சில நிமிடங்களில் சொல்வது சி.டி. ஸ்கேன். கையில் மருந்து இருந்தும் ஸ்கேன் இல்லாவிட்டால் டாக்டரால் அதைத் தொட முடியாது.

காசநோய்க்கு வருவோம். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. கிருமி குறைவாக இருந்தால் தவறிப்போகும், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியா என்றும் அதில் தெரியாது. அதை அறியக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும் ரகம் என்பதால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் நோயாளி வேலை செய்யாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், வீட்டில் இருப்பவர்களுக்கும் பரப்பிக்கொண்டிருப்பார். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு புதுச் சோதனையைப் பரிந்துரைத்தது. சளியைத் திரவத்தோடு கலந்து ஒரு பிளாஸ்டிக் கேட்ரிட்ஜில் ஊற்றி மெஷினில் செருகினால், கிருமியின் மரபணுப் பகுதியைப் பலமடங்கு பெருக்கி, காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்து எடுபடுமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். இங்கே பயன் நோயாளியோடு நிற்பதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கக்கூடிய, அந்த மெஷினை வாழ்நாளில் பார்க்கவே போகாத யாரோ ஒருவரும் தப்பிக்கிறார்.

அப்புறம், அறுவை சிகிச்சை. மருத்துவமனை நிர்வாகத்தின் கணக்கு எப்படிப்பட்டது என்று இங்கேதான் நன்றாகப் புரியும். அவர்கள் 'படுக்கை நாள்' என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளி ஒரு நாள் ஒரு படுக்கையில் இருந்தால் அது ஒரு படுக்கை நாள். பித்தப்பையில் கல் என்றால் முன்பு விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குக் கிழிப்பார்கள். தசை வெட்டுப்பட்டதால் இருமினாலே வலி உயிர் போகும், பல நாள் வார்டில் கிடக்க வேண்டும். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். இன்றைய முறையில் வயிற்றைக் கரியமில வாயுவால் கொஞ்சம் உப்ப வைத்து, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரையிலான மூன்று நான்கு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் நீண்ட கருவிகளும் நுழைப்பார்கள். பெரும்பாலானவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவார்கள், சிலர் அன்றைக்கே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேருக்கு அறுவை, ஆளுக்கு 5 நாள் என்றால் 500 படுக்கை நாள். அதுவே ஒரு நாளானால் 100. மிச்சமான 400 படுக்கை நாளில் வெளியே வரிசையில் காத்திருக்கும் வேறு நோயாளிகளைச் சேர்க்கலாம், அதுவும் புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்டாமல். வார்டில் குறைந்த நாள் இருப்பவருக்கு மருத்துவமனைக் கிருமி தொற்றும் வாய்ப்பும் குறைவு. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு லீவு போட வேண்டியவர் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். இந்தக் கடைசி லாபம் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறாது, ஆனால் குடும்பத்துக்கு அதுதான் பெரிது.

கண்புரை அறுவை இன்னும் அழகான கதை. பழைய நாளில் 10, 12 மில்லிமீட்டர் கிழித்து லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நோயாளியை நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் அக்ரிலிக் துண்டுகள் தெறித்து உள்ளேயே இருந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் அதே வகைப் பொருளில் செயற்கை லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். 1967-ல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், பல் டாக்டரிடம் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளும்போது பார்த்த மீயொலிக் கருவியிலிருந்து யோசனை பிடித்து, புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிற்பாடு மடிக்கக்கூடிய லென்ஸும் வந்தது. இப்போது 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல், பெரும்பாலும் தையல் கிடையாது, சில மணி நேரத்தில் வீடு. படுக்கையே தேவையில்லை என்ற நிலைக்கு ஓர் அறுவை வந்து சேர்ந்திருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே நடந்திருக்கும் மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்ப்பது, ஒரு நாளில் இரண்டு மூன்று போட்டோ எடுப்பது மாதிரி. இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் தொடர் உணரிகள் வீடியோ மாதிரி. தோலுக்கடியில் முடி போன்ற ஓர் இழை, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து போனுக்கு அனுப்பும். ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடம் பிந்தும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அது தூக்கத்திலேயே மயக்கமாகலாம். அதற்குப் பயந்து இரவில் பலமுறை எழுந்து பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்த பெற்றோர்கள் எத்தனையோ பேர். இப்போது அளவு இறங்கத் தொடங்கும்போதே அலாரம் அடித்து எழுப்பிவிடும். அந்தத் தாய்க்குக் கிடைக்கும் தூக்கமும் மருத்துவப் பயன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மின்னணு மருத்துவப் பதிவேடு, வீடியோ வழி ஆலோசனை, மருந்துக்கும் நோயாளியின் கைப்பட்டைக்கும் பார்கோடு, இவையெல்லாம் பார்வைக்குச் சாதாரணமானவை. ஆனால் ஒவ்வாமை உள்ள மருந்தைத் தவறி எழுதும்போது கணினி தடுப்பதும், அரை நாள் பயணத்தை மிச்சப்படுத்துவதும் தினமும் நடக்கிற நன்மைகள். செயற்கை நுண்ணறிவுக்கும் ஓர் உறுதியான உதாரணம் இருக்கிறது. ஸ்வீடனில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைப் படங்களை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கம். சுமார் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், பாதிப் பேரின் படங்களை முதலில் கணினி தரம் பிரித்துக் கொடுத்தது. 2023-ல் வெளியான அதன் முதல் முடிவுகளின்படி, கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் குறையவில்லை, டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை மட்டும் 44 சதவீதம் குறைந்தது.

இவ்வளவும் நல்ல பக்கம். மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் அரைகுறையாகிவிடும்.

முதலில் நம் கிளிப்பையே எடுத்துக்கொள்வோம். 2020-ல் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டியும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைவாக இருந்த சம்பவங்கள், வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. தோலின் நிறமியும் ஒளியை விழுங்குகிறது. பல வகைத் தோல்நிறங்களிலும் போதுமான அளவுக்குச் சோதிக்காத கருவி சிலரிடம் பொய் சொல்லும். கறுத்த தோல் கொண்ட கோடிக்கணக்கானவர்கள் இதை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள் என்பதால் இது சின்னப் பிழை இல்லை.

இரண்டாவது, மென்பொருள் பிழை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை மெஷினில், பழைய மாதிரிகளில் இருந்த சில பாதுகாப்புத் தடுப்புகளை எடுத்துவிட்டு அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு மிக அதிகக் கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள்.

மூன்றாவதுதான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கடினம்: அதிகமாகப் பார்ப்பது எப்போதும் நல்லதல்ல. தென்கொரியாவில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவலானதும், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 15 மடங்கு ஏறியது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லையே தந்திருக்காத மிகச் சிறு கட்டிகளைக் கண்டுபிடித்து, நிறையப் பேருடைய தைராய்டை எடுத்து, காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வைத்துவிட்டார்கள். அந்த ஸ்கேன் அவர்களுக்கு எந்தக் காத்திருப்பையும் குறைக்கவில்லை.

செலவும் அப்படித்தான். ஒரு சிகிச்சை எளிதானால் தலைக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் முன்பு பயந்து ஒதுங்கியிருந்தவர்களும் வருவார்கள் என்பதால் மொத்தச் செலவு ஏறலாம். கண்புரை அறுவையால் பார்வை திரும்பியவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றால் அந்தச் செலவை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வாங்கிய மெஷினை இயக்கவும் பழுது பார்க்கவும் ஆள் இல்லாமல் போர்வை போட்டு மூடி வைத்திருப்பதுதான் வீண் செலவு.

அதனால், டாக்டர் ஒரு புதுப் பரிசோதனையைச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், இதோட ரிசல்ட்டைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" மாறும் என்றால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். மாறாது என்றால் எதற்காக என்று விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், ஏனென்றால் துடிப்பு பலவீனமானால் கருவிக்குப் பிடிபடாது. உட்கார்ந்து, கையை அசைக்காமல், எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள். பொதுவாக 95-க்கு மேல் இருப்பது இயல்பு. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு டாக்டர் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான் இருக்கும், அவர்கள் டாக்டர் சொன்ன எண்ணையே பார்க்க வேண்டும். புகை சூழ்ந்த அறையில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த எண்ணை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை இந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு 98 என்று காட்டும். எண் நன்றாக இருந்தும் ஒருவருக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.